கிளட்ச் மாற்றியாகிவிட்டது, இனி கியர்பாக்ஸை ஏற்ற வேண்டும்

கியர்பாக்ஸைக் கழற்றும்போது அதன் எடை நமக்கு உதவுகிறது. போல்ட்டுகளை எடுத்ததும் தானாகவே கீழே வரப் பார்க்கும். திரும்ப ஏற்றும்போது அதே எடை நமக்கு எதிராக நிற்கிறது. முன்சக்கரங்களை இயக்கும் சின்னக் காரின் கியர்பாக்ஸே பெரும்பாலும் 30 கிலோவைத் தாண்டும். அதை வண்டிக்கு அடியில் வைத்துத் தூக்கி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு துளைக்குள், பல் வெட்டிய தண்டு ஒன்றை நேராகச் செலுத்த வேண்டும். முதல் முறை செய்பவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான். பொறுமை போனதும் கை நீளமான போல்ட்டைத் தேடும். அதைப் போட்டு ஸ்பேனரால் முடுக்கி, கியர்பாக்ஸை இன்ஜின் பக்கம் இழுத்துவிடலாம் என்று தோன்றும். புது கிளட்ச் பிளேட் நெளிவதும், பெல் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடி இன்ஜினோடு சேரும், கியர்பாக்ஸின் மணி வடிவ முன்பகுதி) காது உடைவதும் பெரும்பாலும் அப்படித்தான்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸ் கையால் தள்ளித்தான் இன்ஜினின் முகத்தோடு போய் ஒட்ட வேண்டும். போல்ட் அதைப் பிடித்து வைக்க மட்டுமே. கையால் தள்ளிப் போகவில்லை என்றால் உள்ளே ஏதோ ஒன்று இடிக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

உங்கள் காருக்கான சர்வீஸ் கையேட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டர் முடுக்க வேண்டும், எந்த ஆயில், எவ்வளவு ஆயில் என்பதெல்லாம் காருக்குக் கார் மாறும். நான் கீழே தரும் எண்கள் பொதுவான ஒரு வரம்பு. உங்கள் கையேடு வேறு சொன்னால் அதுதான் சரி.

தூக்குவதற்கு முன்

இந்த வேலையில் பாதி நேரத்தை இங்கே செலவிடச் சொல்வேன். கியர்பாக்ஸ் கீழே கிடக்கும்போது அரை நிமிடத்தில் பார்க்க முடிகிற ஒன்றை, ஏற்றிய பிறகு பார்க்க மறுபடி முழுவதையும் இறக்க வேண்டியிருக்கும்.

வண்டி சமதளத்தில், நான்கு உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிற்கட்டும். வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் முனை கழற்றியே இருக்கட்டும். பெல் ஹவுசிங்குக்குள் பழைய கிளட்ச்சின் கருந்தூள் படிந்திருக்கும். அதைக் காற்று அடித்து ஊத வேண்டாம். பழைய வண்டிகளின் கிளட்ச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாதது. பிரேக் கிளீனரை நன்றாக அடித்து நனைத்து, துணியால் துடைத்து எடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆயில் சீல்கள். இன்ஜின் பக்கம் கிராங்க்கின் (இன்ஜினின் முதன்மைச் சுழல்தண்டு) பின் சீல், கியர்பாக்ஸ் பக்கம் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்சுக்குள் நுழையும் அந்தப் பல் வெட்டிய தண்டு) சீல். இரண்டில் எதன் ஓரத்தில் ஈரம் தெரிந்தாலும் இப்போதே மாற்றிவிடுங்கள். கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டால் அது வழுக்கும், அல்லது வண்டியை நகர்த்தும்போது அதிரும். துடைத்துச் சரிசெய்ய முடியாது, பிளேட்டையே மாற்ற வேண்டியதுதான். சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்துச் சீல்களையும் இதே நேரத்தில் மாற்றிவிட்டால் நல்லது. விலை சொற்பம், வேலையும் இப்போது சுலபம்.

கிளட்ச் பிளேட் சரியான பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறதா என்று மறுபடி ஒரு முறை பாருங்கள். எந்தப் பக்கம் ஃபிளைவீலை (இன்ஜினோடு சுற்றும் கனமான வட்டு) நோக்கி இருக்க வேண்டும் என்று பெரும்பாலான பிளேட்டுகளில் அச்சிட்டிருக்கும். பொதுவாக ஸ்பிரிங் உள்ள தடித்த நடுப்பகுதி, பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் பக்கம் வரும், ஆனால் எல்லா வண்டிக்கும் அப்படியில்லை. அதனால் எழுத்தை நம்புங்கள். திருப்பி மாட்டிய பிளேட் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எல்லாம் பூட்டி முடித்து, கிளட்ச்சை மிதித்தும் கியர் விழாதபோதுதான் தெரியும்.

பிரஷர் பிளேட்டை மாட்டும்போது பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு பிளாஸ்டிக் கம்பி வைத்திருப்பீர்கள். புது கிளட்ச் கிட்டிலேயே சில சமயம் வரும் மையப்படுத்தும் டூல் அது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாக முடுக்கி, கடைசியில் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முடிக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் போல்ட் என்றால் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை வரும். முடித்ததும் அந்த டூலை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வெளியே வந்து, தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். அது சிக்கினால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டும் அங்கேதான் சிக்கும். போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி மையம் பாருங்கள். தானாகத் தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ளும் வகை பிரஷர் பிளேட் என்றால் அதற்கென்று தனி டூல் வேண்டும். அதை வெறும் போல்ட்டால் இழுத்து மாட்டினால் அதன் அமைப்பு கெட்டுவிடும்.

கிரீஸ் விஷயத்தில் கையடக்கம் தேவை. இன்புட் ஷாஃப்ட்டின் பற்களில் கிளட்ச் கிரீஸை மெல்லிசாகத் தடவி, கிளட்ச் பிளேட்டை மாட்டுவதற்கு முன்பே அதன் மேல் முன்னும் பின்னும் ஓட்டி, பிதுங்கி வந்ததைத் துடைத்துவிட வேண்டும். பற்களில் கிரீஸ் இருப்பது கண்ணுக்குத் தெரியக் கூடாது, பளபளப்பு மட்டும் தெரிந்தால் போதும். மிச்சமிருக்கும் கிரீஸ் இன்ஜின் சுற்றும்போது தெறித்து நேராக பிளேட்டின் உராயும் பரப்பில்தான் போய் விழும். பிளேட்டை ஏற்கெனவே மாட்டிவிட்டீர்கள் என்றால் ஷாஃப்ட்டை மட்டும் மிகச் சொற்பமாகத் தடவித் துடைத்து விடுங்கள். சில புது பிளேட்டுகளின் நடுப்பகுதிக்கு நிக்கல் பூச்சு இருக்கும், அவற்றுக்கு கிரீஸே வேண்டாம் என்று கிட்டில் எழுதியிருப்பார்கள். பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டை இயக்கும் ரிலீஸ் பேரிங் ஓடும் குழாயிலும் இதே நிதானம். பேரிங்கின் உள்வளையம் பிளாஸ்டிக்காக இருந்தால் பெரும்பாலும் அங்கே கிரீஸ் தேவையில்லை.

அந்தப் பேரிங்கை நகர்த்தும் ரிலீஸ் ஃபோர்க் அதன் உருண்டைத் தாங்கியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பேரிங்கைப் பிடிக்கும் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, ஃபோர்க்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஏற்றும்போது கியர்பாக்ஸ் குலுங்கி ஃபோர்க் தாங்கியிலிருந்து நழுவுவது நடக்கக்கூடியது. ஒரு கயிற்றாலோ கேபிள் டையாலோ அதை வெளியிலிருந்து கட்டி வைத்தால் அந்தப் பயம் இல்லை. பிறகு அறுத்துவிடலாம்.

கடைசியாக டவல் பின்கள். இன்ஜின் முகத்தில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு சிறிய உருளைகள், சில வண்டிகளில் உள்ளே குழியானவை. கியர்பாக்ஸை இன்ஜினோடு ஒரே அச்சில் நிறுத்துவது போல்ட் இல்லை, இந்த இரண்டும்தான். கழற்றும்போது ஒன்று கியர்பாக்ஸோடு போயிருக்கலாம், தரையில் உருண்டிருக்கலாம். இரண்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். டவல் பின் இல்லாமல் பூட்டினால் வண்டி ஓடும், ஆனால் அச்சு கொஞ்சம் விலகி இன்புட் ஷாஃப்ட் பேரிங்கும் கிளட்ச்சும் சீக்கிரம் தேயும். துருப்பிடித்திருந்தால் சுத்தம் செய்து லேசாக எண்ணெய் தடவுங்கள். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே மெல்லிய தகடு ஒன்று வரும் வண்டி என்றால், அது டவல் பின்களின் மேல் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஏற்றுதல்

ஆள் இரண்டு பேர், கியர்பாக்ஸ் ஜாக் ஒன்று. சாதாரண ஜாக்கின் சின்னத் தலையில் கியர்பாக்ஸை நிறுத்தி வைப்பது ஆபத்து. அது ஒரு பக்கம் உருண்டால் பிடிக்கப்போகும் கைதான் நசுங்கும். எந்த ஜாக்காக இருந்தாலும் பெல்ட் போட்டுக் கட்டுங்கள்.

தூக்குவதற்கு முன், வழியில் தொங்கும் வயர், குழாய், கியர் கேபிள் எல்லாவற்றையும் மேலே ஒதுக்கிக் கட்டுங்கள். பெல் ஹவுசிங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு வயர் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. கியர்பாக்ஸ் கடைசிக் கொஞ்ச தூரம் போகாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு உதவி செய்துகொள்ளலாம். பெல் ஹவுசிங் போல்ட்டின் அதே அளவு, அதே திருகுப்புரியில் இரண்டு நீளமான போல்ட் வாங்கி, தலையை அறுத்துவிட்டு, முனையில் ஸ்க்ரூடிரைவர் நுழையும்படி ஒரு கோடு வெட்டுங்கள். இந்த இரண்டு கம்பிகளையும் இன்ஜினின் எதிரெதிர்த் துளைகளில் கையால் திருகிவிட்டால், கியர்பாக்ஸ் அவற்றின் மேல் தவழ்ந்து நேராகப் போகும். எடையில் ஒரு பங்கையும் அவை தாங்கும். புதியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை என்பது என் எண்ணம்.

சரி, இப்போது உயர்த்துங்கள். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ஒன்று கழன்றிருப்பதால் இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதைத் தாங்கும் ஜாக்கை, இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் சம்ப்புக்குக் கீழே மரக்கட்டை வைத்து, கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ சாய்வை மாற்றலாம். கியர்பாக்ஸின் முகமும் இன்ஜினின் முகமும் இணையாக வர வேண்டும். இது ஒன்று கிடைத்துவிட்டால் மற்றது தானாக வரும். மேலே இடைவெளி அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருந்தால், கியர்பாக்ஸின் வால் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். வாலை உயர்த்துங்கள். பக்கவாட்டிலும் இப்படியே பாருங்கள். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் விரலால் தடவி இடைவெளியை அளக்கலாம்.

இன்புட் ஷாஃப்ட் கிளட்ச்சின் நடுவைத் தொட்டதும் மெல்லத் தள்ளுங்கள். பற்கள் பொருந்தினால் வழுக்கிக்கொண்டு போகும். பல்லின் மேல் பல் நின்றுவிட்டால், உதவியாளர் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பட்டும். அவர் திருப்பும்போது நீங்கள் லேசாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் பல் விழுவது கையில் தெரியும். பின்சக்கரங்களை இயக்கும் வண்டி என்றால் வேறு வழியும் உண்டு. கியரை ஏதாவதொன்றில் போட்டு, பின்னால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் முனையைக் கையால் திருப்பினால் இன்புட் ஷாஃப்ட் சுற்றும்.

பற்கள் பொருந்திய பிறகும் ஒரு விரல் அகலம் மிச்சம் வைத்து நிற்பதுதான் எல்லோரையும் சோதிக்கும் கட்டம். ஷாஃப்ட்டின் நுனி கிராங்க்கின் நடுவிலுள்ள பைலட் பேரிங்கின் வாயில் நிற்கலாம். கோணம் ஒரு இழை மாறினாலும் உள்ளே போகாது. கியர்பாக்ஸின் வாலைப் பிடித்து மெல்ல மேலும் கீழும், இடமும் வலமுமாக ஆட்டியபடி தள்ளுங்கள். எல்லா வண்டியிலும் பைலட் பேரிங் இருக்காது. அதிலும் குறுக்கே இன்ஜின் வைத்த பல கார்களில் இருக்காது. அப்படியானால் டவல் பின்னையோ, மாட்டிக்கொண்ட வயரையோ, நழுவிய தகட்டையோ சந்தேகியுங்கள். எதுவுமே பலிக்கவில்லை என்றால் கியர்பாக்ஸைப் பின்னுக்கு இழுத்து, கிளட்ச்சின் மையத்தை மறுபடி டூலால் பாருங்கள். அது பின்வாங்கல் மாதிரித் தோன்றும், ஆனால் அரை மணி நேரம் முட்டிக்கொண்டிருப்பதைவிட அதுவே சீக்கிரம் முடியும்.

இதற்கு நடுவில் ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. கியர்பாக்ஸை ஷாஃப்ட்டின் மேல் தொங்க விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. பாதி நுழைந்த நிலையில் முழு எடையும் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியில் இறங்கினால் பிளேட் நெளிந்துவிடும். நெளிந்த பிளேட் ஃபிளைவீலை விட்டுச் சுத்தமாகப் பிரியாது. இரண்டு முகமும் ஒட்டி, குறைந்தது இரண்டு போல்ட் எதிரெதிராக ஏறும்வரை முழு எடையையும் ஜாக்கே தாங்கட்டும்.

இரண்டு முகமும் சுற்றிலும் இடைவெளியே இல்லாமல் ஒட்டிய பிறகு எல்லா போல்ட்டையும் விரலால் ஏற்றுங்கள். எந்த போல்ட் எந்தத் துளைக்கு என்பது முக்கியம், நீளங்கள் வேறுபடும். பிறகு எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் முடுக்குங்கள். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு பொதுவாக 40 முதல் 50 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு அதைவிட அதிகம். அலுமினியத்தில் ஏறும் போல்ட் என்பதால் டார்க் ரெஞ்ச் இல்லாமல் முடிக்காதீர்கள்.

பேரிங்கைத் தள்ளாமல் இழுத்து இயங்கும் வகை கிளட்ச் சில வண்டிகளில் உண்டு. அங்கே இப்போது ஃபோர்க்கை அசைத்து, பேரிங் பிரஷர் பிளேட்டுக்குள் பூட்டிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்க வேண்டும். பூட்டவில்லை என்றால் பெடல் வேலையே செய்யாது.

மற்றவை

மவுண்டுகளையும், அடியில் குறுக்கே வரும் கிராஸ்மெம்பரையும் முதலில் தளர்வாகவே மாட்டுங்கள். இன்ஜினைக் கையால் ஒருமுறை குலுக்கி, அது இயல்பாக உட்கார விட்டு, பிறகு முடுக்குங்கள். இழுத்துப் பிடித்த நிலையில் முடுக்கிய மவுண்ட் வண்டி முழுக்க அதிர்வைக் கடத்தும். மவுண்டுகள் பூட்டிய பிறகே ஜாக்குகளை எடுக்கலாம்.

டிரைவ் ஷாஃப்ட்டை நேராகப் பிடித்து உள்ளே செலுத்துங்கள். அதன் பற்கள் புது சீலின் உதட்டைக் கீறினால் ஆயில் ஒழுக ஆரம்பிக்கும். முனையில் வளையம் உள்ளவை என்றால் ஒரு கிளிக் கேட்கும். கேட்ட பிறகும் உள்ஜாயிண்டைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. சக்கர நடுவிலுள்ள பெரிய நட்டுக்கு மிக அதிக முறுக்கு தேவை. பல வண்டிகளில் அதற்குப் புது நட்டே போட வேண்டும். பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

ஸ்டார்ட்டர் மோட்டார், ரிவர்ஸ் லைட் சுவிட்ச், வேக சென்சர், கியர் கேபிள்கள். இவற்றோடு இன்னொன்றும் உண்டு, பலர் விட்டுவிடுவது: கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயர். அது இல்லாவிட்டால் சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் ‘டிக்’ என்று மட்டும் சொல்லும். அதைவிட மோசம், மின்சாரம் வேறு வழி தேடி கியர் கேபிள் வழியாகவோ கிளட்ச் கேபிள் வழியாகவோ பாய்ந்து அதைச் சூடாக்கிவிடும். துரு சுரண்டி, பளபளக்கும் உலோகத்தில் மாட்டுங்கள்.

கேபிள் கியர் என்றால் இன்ஜினை ஓட விடாமலேயே எல்லா கியரையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கிளட்ச் பெடல்

கேபிளால் இயங்கும் கிளட்ச்சில் பெடலை மிதிக்கத் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் வெறும் ஆட்டம் வேண்டும். பொதுவாக 10 முதல் 20 மில்லிமீட்டர். தானாகச் சரிசெய்துகொள்ளும் கேபிள் என்றால் பெடலைச் சில தடவை மிதித்து விட்டால் போதும்.

ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் இயங்கும் வகை) என்றால் காற்றை வெளியேற்ற வேண்டும். பெடலின் அழுத்தத்தை வாங்கி பேரிங்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்குள்ளேயே, ஷாஃப்ட்டைச் சுற்றி வளையமாக இருக்கும் வகை என்றால், கியர்பாக்ஸ் பூட்டும் முன் பெடலை யாரும் தொடக் கூடாது. தடுக்க பிரஷர் பிளேட் இல்லாததால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். காற்றெடுக்க, புது பிரேக் ஆயிலை நிரப்பி, பிளீடரை (காற்றை வெளியே விடும் திருகு) திறந்து, முதலில் தானாக ஒழுக விடுங்கள். குமிழி இல்லாமல் சீராக வந்ததும் மூடி, பெடலை மெதுவாக மிதித்து, பிளீடரைத் திறந்து மூடி, பெடலைக் கையாலேயே மேலே இழுங்கள். ஆரம்பத்தில் பெடல் தரையிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும், கவலை வேண்டாம். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே தொட்டிதான், அது காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் பெயிண்டை அரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

ஆயில்

கியர்பாக்ஸ் ஆயில் இன்னும் நிரப்பவில்லை என்று ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். மறந்து ஸ்டார்ட் செய்தால் கியர்பாக்ஸ் போய்விடும். எந்த ஆயில் என்பதில் கையேட்டை மீறாதீர்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஜிஎல்-5 ஆயிலில் அழுத்தத்தைத் தாங்குவதற்கான சேர்மானம் அதிகம். பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு (கியர் மாறும்போது வேகங்களைச் சமப்படுத்துபவை) அது ஒத்துவராமல் போகலாம், கியர் விழுவதும் கடினமாகலாம். வண்டி சமமாக நிற்கும்போது, பக்கவாட்டிலுள்ள நிரப்பும் துளையில் ஆயில் வழியத் தொடங்கும்வரை ஊற்றி, வழிவது நின்றதும் மூடுவது பெரும்பாலான கியர்பாக்ஸ்களுக்குப் பொருந்தும் முறை.

முதல் ஸ்டார்ட்

சக்கரங்கள் இன்னும் தரையைத் தொடாமல் இருக்கும்போதே, ஸ்டாண்டுகள் உறுதியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, பேட்டரியை மாட்டி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. கிளட்ச்சை மிதித்து முதல் கியரைப் போடுங்கள். சக்கரம் நிற்க வேண்டும், அல்லது பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். பிரேக்கை எதிர்த்துக்கொண்டு சுற்றினால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. அடுத்து, பெடலை மிதித்தபடி சில வினாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ இருக்காது என்பதால், கிளட்ச் கொஞ்சம் ஒட்டினாலும் கரகரவென்று சொல்லிவிடும்.

அப்படிச் சொன்னால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள், மறுபடி பிளீட் செய்யுங்கள். கேபிள் என்றால் ஆட்டத்தைக் குறையுங்கள். இவை இரண்டும் சரியாக இருந்தும் பிரியவில்லை என்றால்தான் திரும்பிய பிளேட், நெளிந்த பிளேட், நழுவிய ஃபோர்க் என்று போக வேண்டும். பெடலை மிதிக்கும்போது மட்டும் உறுமல் கேட்டால் ரிலீஸ் பேரிங்கைப் பாருங்கள்.

சாலையில் முதல் சில நூறு கிலோமீட்டர், குறைந்தது 300 என்று வைத்துக்கொள்ளுங்கள், நிதானமாக ஓட்டுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தி கிளட்ச்சை வழுக்க விட்டு ஏற்றத்தில் நிற்பது, பாரம் இழுப்பது எல்லாம் பிறகு. அடிக்கடி நின்று கிளம்பும் ஓட்டம்தான் பிளேட்டும் ஃபிளைவீலும் ஒன்றுக்கொன்று பதிய உதவும். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்ததும் இன்ஜின் ஆறிய பிறகு அடியில் ஒரு அட்டையை விரித்து, மறுநாள் காலையில் பாருங்கள். டிரைவ் ஷாஃப்ட் சீலுக்கு நேர்கீழே துளி விழுந்திருந்தால் அந்தச் சீல், பெல் ஹவுசிங்கின் அடிமட்டத்தில் விழுந்திருந்தால் உள்ளே இருக்கும் இரண்டு சீல்களில் ஒன்று. ஒரு வாரம் கழித்து ஆயில் அளவையும், மவுண்ட், சக்கர நட்டுகளின் இறுக்கத்தையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.